பயனர் செட்டிங்கை மாற்றினால் எந்த ஆப்ஜெக்டுக்கு, எப்போது தெரிய வேண்டும்?

கடைக்காரர் செட்டிங்ஸ் திரையைத் திறந்து ஒரு செக்பாக்ஸைத் தட்டுகிறார். அந்த நேரத்தில் நம் மென்பொருளுக்குள் எத்தனையோ ஆப்ஜெக்டுகள் (தரவையும் அதைக் கையாளும் வேலையையும் சேர்த்து வைத்திருக்கும் நிரல் துண்டுகள்) ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன: பாதி போட்ட பில், பிரிண்டர், எடைத் தராசோடு பேசிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்ட், இரவு பேக்கப்புக்காகக் காத்திருக்கும் டைமர். இவற்றில் யாருக்கு இந்த மாற்றம் தெரிய வேண்டும்? யார் போய்ச் சொல்வது? ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையில் எழுதும் குழு இதை உட்கார்ந்து பேசி முடிவு செய்யாவிட்டால், முதலில் எழுதியவர் எது வசதியோ அதைச் செய்துவிடுவார். அது பெரும்பாலும் எல்லோரும் எட்டிப் பார்க்கும் ஒரு குளோபல் சிங்கிள்டனாக, அதாவது மென்பொருள் முழுக்க ஒன்றே ஒன்றாக இருக்கும் பொது ஆப்ஜெக்டாக இருக்கும்.

பெருங்குடியில் நாங்கள் எழுதுவது சில்லறைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். புரசைவாக்கம், மண்ணடி, தி.நகர் பக்கக் கடைகளில் ஓடுகிறது. அதனால் எடுத்துக்காட்டுகளையும் அங்கிருந்தே தருகிறேன். பயனர் மாற்றக்கூடியவை என்று ஐந்தை மட்டும் வைத்துக்கொள்வோம்: திரையின் எழுத்தளவு, பிரிண்டர் ரோலின் அகலம், பில் அச்சாகும் மொழி, ரவுண்ட் ஆஃப் முறை, பேக்கப் எடுக்கும் நேரம்.

புரசைவாக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் சொன்னது: "எழுத்தைப் பெருசு பண்ணுனா உடனே பெருசாகணும் தம்பி. பாதி பில்லுல ரவுண்ட் ஆஃப் மாறிப்போச்சுன்னா கஸ்டமருக்கு நான் என்ன பதில் சொல்றது?" எந்த முறையை எடுத்தாலும் அதை இந்தக் கேள்வியில்தான் உரசிப் பார்க்க வேண்டும். மாற்றம் உடனே நடைமுறைக்கு வர வேண்டுமா, அடுத்த பில்லிலிருந்து வர வேண்டுமா, அடுத்த முறை மென்பொருளைத் திறக்கும்போது வந்தால் போதுமா? ஒவ்வொரு செட்டிங்குக்கும் இதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டுத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் வழி, தேவைப்படும்போதெல்லாம் போய்க் கேட்பது. செட்டிங்ஸ் என்று ஒரே ஒரு ஆப்ஜெக்ட். மதிப்பு வேண்டியவர்கள் அந்தந்த இடத்திலேயே அதைக் கேட்டுக்கொள்வார்கள். எழுதுவது மிகச் சுலபம். எப்போது கேட்டாலும் கடைசியாகச் சேமித்த மதிப்பே கிடைக்கும். சின்ன மென்பொருளுக்கு, ஒரே ஆள் எழுதிப் பராமரிப்பதற்கு, இது போதும் என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன்.

ஆனால் பில்லில் இது என்ன செய்கிறது என்று பாருங்கள். ரவுண்ட் ஆஃபில் இரண்டு வகை வைத்திருக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு வரியையும் முழு ரூபாய் ஆக்குவது. இன்னொன்று, கடைசி மொத்தத்தை மட்டும் முழு ரூபாய் ஆக்குவது. நான்கு பொருட்கள்: 33.40, 47.40, 19.40, 52.40. மொத்தத்தை மட்டும் ரவுண்ட் செய்தால் 152.60 என்பது 153 ஆகும். வரிவரியாகச் செய்தால் 33, 47, 19, 52 சேர்ந்து 151. இப்போது கேஷியர் வரிவரியான முறையில் இரண்டு பொருட்களை ஸ்கேன் செய்கிறார். வாடிக்கையாளர் "ஒரு நிமிஷம், எண்ணெய் எடுக்க மறந்துட்டேன்" என்று உள்ளே போகிறார். பில் ஹோல்டில் நிற்கிறது. அந்த இடைவெளியில் முதலாளி செட்டிங்கை மொத்தத்துக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்து மீதி இரண்டையும் ஸ்கேன் செய்தால் 33, 47, 19.40, 52.40 சேர்ந்து 151.80, கடைசியில் ரவுண்ட் செய்தால் 152. பழைய முறைப்படியும் இது தப்பு, புதிய முறைப்படியும் தப்பு. எந்த விதியை வைத்தும் இந்தத் தொகையை விளக்க முடியாது. அண்ணாச்சி பயந்தது இதைத்தான்.

இங்கே எந்த ஒரு வரி நிரலும் தவறாக எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் சரியான மதிப்புதான் கிடைத்தது. ஒரே கணக்குக்குள் இரண்டு முறை கேட்டதுதான் பிரச்சினை. டெஸ்ட் எழுதும்போதும் இதே வழி கையைக் கட்டிப்போடும். குளோபல் ஆப்ஜெக்டை ஒரு டெஸ்ட் மாற்றினால் பக்கத்தில் ஓடும் இன்னொரு டெஸ்ட் தோற்கும். தனியாக ஓட்டினால் ஜெயிக்கும். பில் என்ற கிளாஸின் (ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சு) கன்ஸ்ட்ரக்டரை (ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் பகுதி) பார்த்தால் அது எந்தெந்த செட்டிங்கைச் சார்ந்திருக்கிறது என்றே தெரியாது. உள்ளே இறங்கித் தேட வேண்டும்.

இந்த வழி தோற்கும் இன்னொரு இடத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பேக்கப் நேரம் இரவு 11 மணி என்று டைமர் வைத்தாகிவிட்டது. கடைக்காரர் அதை 9.30 ஆக்குகிறார். தேவைப்படும்போது கேட்பேன் என்று இருக்கும் டைமருக்கு 11 மணிவரை எதுவும் தேவைப்படாது. 9.45க்கு ஷட்டரை இறக்கி கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் போய்விடுவார். அன்றைய பேக்கப் இல்லை. திரையும் அப்படித்தான்: ஒருமுறை வரைந்து முடித்த லேபிள் தானாகப் போய் எழுத்தளவைக் கேட்காது. இந்த மாதிரி ஆப்ஜெக்டுகளை யாராவது தட்டி எழுப்ப வேண்டும்.

அந்தத் தட்டி எழுப்பும் வேலைக்குத்தான் இரண்டாவது வழி, அப்சர்வர். மாற்றம் தெரிய வேண்டியவர்கள் முன்கூட்டியே பதிவு செய்துகொள்வார்கள். மதிப்பு மாறியதும் செட்டிங்ஸ் ஆப்ஜெக்ட் ஒவ்வொருவரையும் அழைத்துச் சொல்லும். ஸ்மால்டாக் என்ற பழைய நிரல்மொழியின் காலத்திலேயே ஒரு ஆப்ஜெக்டைச் சார்ந்திருப்பவர்களுக்கு மாற்றத்தைத் தெரிவிக்கும் ஏற்பாடு இருந்தது. 1994ல் வந்த டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகம் அதற்கு அப்சர்வர் என்ற பெயரைப் பரவலாக்கியது. ஜாவா 1.4ல் வந்த பிரெஃபரன்ஸஸ் கிளாஸிலும் மாற்றத்துக்கான லிஸனர், அதாவது இப்படிப் பதிவு செய்துகொண்டு காத்திருப்பவர், உண்டு. டாட்நெட்டில் ஐநோட்டிஃபை பிராப்பர்ட்டி சேஞ்ச்ட் என்ற இன்டர்ஃபேஸ் (ஒரு கிளாஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம்) இதே வேலையைச் செய்கிறது.

திரைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. எழுத்தளவு, கருப்புப் பின்னணி, வரி நிறம் போன்றவற்றைப் பயனர் மாற்றிக்கொண்டே பார்க்க விரும்புவார். சேமித்துவிட்டு மூடித் திற என்று அவரிடம் சொல்லக்கூடாது.

ஆனால் லிஸனர் வைப்பவர் அதன் ஆயுளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். செட்டிங்ஸ் ஆப்ஜெக்ட் மென்பொருள் ஓடும் வரை உயிரோடு இருக்கும். அதில் பதிவு செய்த ஒவ்வொரு ஜன்னலையும் அது கையில் பிடித்துக்கொண்டே இருக்கும். கேஷியர் நாள் முழுக்க ஸ்டாக் தேடும் ஜன்னலைத் திறந்து மூடுகிறார். மூடும்போது பதிவை நீக்காவிட்டால், திரையிலிருந்து போன ஜன்னல்கள் எல்லாம் மெமரியில் அப்படியே தங்கும். சாயங்காலக் கூட்டத்தில் மென்பொருள் மெதுவாகிறது என்று போன் வரும். கூடவே, எழுத்தளவை மாற்றினால் மூடிய ஜன்னல்களும் கண்ணுக்குத் தெரியாமல் தங்களைத் திரும்ப வரைந்துகொண்டிருக்கும்.

சரி, பலவீனமான ரெஃபரன்ஸாக (மெமரியிலிருந்து நீக்கப்படுவதைத் தடுக்காத பிடியாக) பிடித்தால் தீர்ந்துவிடுமே என்றால், அது எதிர்ப்பக்கத்தில் ஒரு குழியைத் தோண்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்குகளைச் சேமிக்கும் ஷேர்ட் பிரெஃபரன்ஸஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது லிஸனரை வலுவாகப் பிடித்து வைப்பதில்லை. பெயரில்லாத லிஸனரை அந்த இடத்திலேயே உருவாக்கிக் கொடுத்துவிட்டு வேறு எங்கும் சேமிக்காவிட்டால், யாரும் பிடித்திராத ஆப்ஜெக்டுகளை மெமரியிலிருந்து நீக்கும் கார்பேஜ் கலெக்டர் அதை எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் போய்விடும். லிஸனரை நீங்களே ஒரு ஃபீல்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. டெவலப்பரின் மேசையில் வேலை செய்யும். கடையில் கொஞ்ச நேரம் ஓடியதும் அமைதியாக நின்றுவிடும். கண்டுபிடிக்க மிகச் சிரமமான பக் வகை இது.

அப்புறம் வரிசை. ஜாவா 9ல் பழைய அப்சர்வர், அப்சர்வபிள் இரண்டையும் டெப்ரிகேட் செய்தார்கள், அதாவது இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தார்கள். சொன்ன காரணங்களில் இரண்டு நமக்கு நேரடியாகப் பொருந்தும்: யாருக்கு முதலில் தகவல் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஒரு மாற்றத்துக்கு ஒரு தகவல் என்ற ஒழுங்கும் இல்லை. கடைக்காரர் செட்டிங்ஸ் திரையில் ரோல் அகலத்தையும் பில் மொழியையும் சேர்த்து மாற்றிவிட்டு ஓகே தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு தகவலாக அனுப்பினால், முதல் தகவல் வரும்போது அகலம் புதியது, மொழி பழையது. அந்த நொடியில் பிரிண்டர் கிளாஸ் தன்னைத் தயார் செய்துகொண்டால், கடைக்காரர் தேர்ந்தெடுக்காத ஒரு கலவைக்குத் தயாராகிறது. அதனால் லிஸனர் வைத்தால், எல்லா மாற்றமும் முடிந்த பிறகு ஒரே ஒரு தகவல் அனுப்புங்கள். அதில் பழைய நிலை முழுவதும், புதிய நிலை முழுவதும் இருக்கட்டும். தனக்கு வேண்டியது மாறியிருக்கிறதா என்று லிஸனர் ஒப்பிட்டுக்கொள்ளும்.

திரெட் (மென்பொருளுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத் தொடர்) விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாவாவின் பிரெஃபரன்ஸஸ் தன் தகவலைத் தனக்கான தனி திரெடில் அனுப்புகிறது. ஜாவாவில் திரை வரையும் ஸ்விங் நூலகத்தின் திரையை அங்கிருந்து தொடக்கூடாது. மேலும் அதே ஜேவிஎம்முக்குள் (ஜாவா நிரல் ஓடும் சூழல்) நடந்த மாற்றத்துக்குத்தான் தகவல் வரும் என்ற உத்தரவாதம் உண்டு. இரண்டாவது கவுன்டரில் மாற்றியது முதல் கவுன்டருக்குத் தெரியும் என்று இதை நம்பி எழுதக்கூடாது.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. அந்த நேரத்து மதிப்புகளின் மாற்ற முடியாத நகலை, அதாவது ஒரு ஸ்னாப்ஷாட்டை எடுத்து, வேலை தொடங்கும்போது கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுத்துவிடுவது. புதிய பில் பிறக்கும்போது அந்த நேரத்து ரவுண்ட் ஆஃப் முறையைக் கையில் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பில் முடியும் வரை, ஹோல்டில் எவ்வளவு நேரம் நின்றாலும், அதே முறைதான். நடுவில் முதலாளி எதை மாற்றினாலும் அடுத்த பில்லிலிருந்துதான். மேலே சொன்ன 152 இங்கே வரவே முடியாது. மாறாத ஆப்ஜெக்ட் என்பதால் எத்தனை திரெட் படித்தாலும் பூட்டு தேவையில்லை. டெஸ்டுக்கும் இதே சுகம்: வேண்டிய மதிப்புகளோடு ஒரு ஸ்னாப்ஷாட் உருவாக்கு, பில்லுக்குக் கொடு, மொத்தத்தைச் சரிபார். ஜாவா 16லிருந்து ரெக்கார்ட், சி ஷார்ப் 9லிருந்து ரெக்கார்ட், காட்லினில் டேட்டா கிளாஸ் என்று மொழிகளே இதற்கு வசதி செய்து கொடுத்துவிட்டன. எழுத அதிக வரிகளும் ஆகாது.

ஒரு நிபந்தனை: செட்டிங்ஸ் முழுவதையும் தூக்கி எல்லோருக்கும் கொடுக்காதீர்கள். பில்லுக்கு ரவுண்ட் ஆஃப் முறையும் பில் மொழியும் போதும். அதற்கு எதற்கு பேக்கப் நேரம்? முழுவதையும் கொடுத்தால் சிங்கிள்டனில் இருந்த அதே மறைமுகச் சார்பு கன்ஸ்ட்ரக்டர் வழியாகத் திரும்ப உள்ளே வந்துவிடும்.

இதன் குறை என்னவென்றால், நீண்ட நேரம் வாழும் ஆப்ஜெக்டுகளுக்கு ஸ்னாப்ஷாட் பழசாகிவிடும். காலையில் தொடங்கி இரவு வரை இருக்கும் பிரிண்டர் ஆப்ஜெக்ட், காலையில் வாங்கிய ரோல் அகலத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். இதற்கு நான் பரிந்துரைப்பது, பிரிண்டரின் ஆயுளைக் குறைப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தெர்மல் பிரிண்டரில் 58 மி.மீ ரோல் என்றால் வழக்கமான எழுத்தில் வரிக்கு 32 எழுத்து, 80 மி.மீ என்றால் 48. ஆங்கில பில்லை அப்படியே எழுத்துகளாக அனுப்பிவிடலாம். தமிழ் பில்லுக்கு அது ஓடாது. ரிச்சி தெருவில் வாங்கும் சாதாரண பிரிண்டர்களின் உள்ளே தமிழ் எழுத்துரு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பில்லை முதலில் படமாக வரைந்து, புள்ளிகளாக அனுப்ப வேண்டும்; அங்கே எழுத்துகளை எண்ணி வரியை உடைக்க முடியாது, அகலத்தைப் புள்ளிக்கணக்கில் அளக்க வேண்டும். ஆக, மொழி என்ற ஒரு செட்டிங் மாறினால் அச்சடிக்கும் வழியே மாறுகிறது.

இதை எழுதுபவர்கள் வழக்கமாகச் செய்வது, பிரிண்டர் கிளாஸுக்குள் பத்து இடங்களில் "மொழி தமிழா?" என்று ஒரு இஃப் போடுவது. தலைப்பு அச்சடிக்கும்போது ஒரு இஃப், பொருள் வரிக்கு ஒரு இஃப், மொத்தத்துக்கு ஒரு இஃப். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையில் நமக்கு இருக்கும் பெரிய பலமே இந்த இஃப்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவர முடிவதுதான். அச்சடிப்பவர் என்று ஒரு இன்டர்ஃபேஸ். எழுத்தாக அனுப்புபவர் ஒரு கிளாஸ், படமாக அனுப்புபவர் இன்னொரு கிளாஸ். பில் முடியும்போது, அந்தப் பில்லின் ஸ்னாப்ஷாட்டைப் பார்த்து ஒரு ஃபேக்டரி சரியான ஆளை உருவாக்கித் தருகிறது. யுஎஸ்பி இணைப்பு மட்டும் நாள் முழுக்கத் திறந்திருக்கும். அதற்கும் மொழிக்கும் சம்பந்தமில்லை. இப்போது எந்த கிளாஸும் செட்டிங் மாறிவிட்டதா என்று கேட்க வேண்டியதில்லை. மாறியதும் வேறு ஆள் வருகிறார், அவ்வளவுதான். பழைய பில்லை மறுபடி அச்சடிக்கும்போதுகூட அந்தப் பில்லோடு சேமித்த ஸ்னாப்ஷாட்டைக் கொடுத்தால், முதலில் வந்த மாதிரியே வரும்.

ரோல் அகலத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. அது பில்லின் குணம் கிடையாது, இன்று பிரிண்டருக்குள் இருக்கும் காகிதத்தின் குணம். அதனால் அதை அச்சடிக்கும் நொடியில் எடுக்க வேண்டும், பில் பிறந்த நொடியில் எடுக்கக்கூடாது. எந்த செட்டிங் யாருக்குச் சொந்தம் என்பதை இப்படித் தனித்தனியாக யோசிக்காமல் தப்ப முடியாது.

எல்லாவற்றையும் இடித்துவிட்டு மறுபடி கட்டுவது நான்காவது வழி. ஆண்ட்ராய்டு இதைத்தான் செய்கிறது: மொழியையோ எழுத்தளவையோ டார்க் மோடையோ மாற்றினால், வழக்கமாக ஆக்டிவிட்டியை (ஆப்பின் ஒரு திரை) அழித்துப் புதிதாக உருவாக்குகிறது. புதிய ஆப்ஜெக்டுகள் புதிய மதிப்போடு பிறக்கின்றன. பழசு எதுவும் மிஞ்சுவதில்லை. டெஸ்க்டாப்பில் இதன் எளிய வடிவம், "மாற்றம் அடுத்த முறை திறக்கும்போது வரும்" என்று சொல்லிவிடுவது. மெனு மொழியை மாற்றுவதற்கு நான் இதையே எடுப்பேன். கடை திறந்த புதிதில் ஒருமுறை மாற்றுவார்கள், அப்புறம் தொட மாட்டார்கள். தமிழ் லேபிள்கள் ஆங்கிலத்தைவிட நீளமாக இருப்பதால் திரையின் அமைப்பையே திரும்பக் கணக்கிட வேண்டும். திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலிலும் அதைச் சரியாகச் செய்ய ஆகும் உழைப்பை வேறு இடத்தில் போடலாம். ஆனால் ரவுண்ட் ஆஃபுக்கோ பில் மொழிக்கோ இதைக் கேட்காதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் ரங்கநாதன் தெருக் கடையில் மூடித் திறக்கச் சொன்னால், லாகின், தராசு இணைப்பு, ஹோல்டில் இருக்கும் பில்கள் என்று எல்லாம் திரும்ப வர வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள்.

ஈவென்ட் பஸ் (எல்லோரும் தகவல் போட்டு எடுக்கும் பொதுத் தடம்), ரியாக்டிவ் ஸ்ட்ரீம் (மாறும் மதிப்புகள் தொடர்ந்து வரும் ஓடை) இரண்டும் அப்சர்வரின் உறவினர்கள்தான். பஸ்ஸில் யார் அனுப்புகிறார், யார் கேட்கிறார் என்று தேடுவது கஷ்டம். செட்டிங்ஸ் மாதிரி ஒரே மூலம் இருக்கும் விஷயத்துக்கு அது தேவையில்லை. ஸ்ட்ரீம் அதைவிட நல்லது. ஆண்ட்ராய்டில் செட்டிங்குகளைச் சேமிக்கும் டேட்டாஸ்டோர், மதிப்புகளை ஃப்ளோ என்ற ஸ்ட்ரீம் வழியாகத் தருகிறது. திரையின் ஆயுளோடு சேர்த்துக் கட்டினால், திரை மூடும்போது பதிவும் தானாக ரத்தாகும். உங்கள் குழு ஏற்கெனவே கோரூட்டீனில் (நடுவில் நிறுத்திப் பிறகு தொடரக்கூடிய வேலைகளாக நிரல் எழுதும் முறை) எழுதுகிறதென்றால் லிஸனருக்குப் பதில் இதை எடுங்கள். இதற்காக மட்டும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரே முறையை எல்லா செட்டிங்குக்கும் திணிக்க வேண்டாம் என்பதற்கு டாட்நெட்டின் ஆப்ஷன்ஸ் ஏற்பாட்டையே சாட்சியாகக் காட்டலாம். ஐஆப்ஷன்ஸ் தொடக்கத்தில் படித்த மதிப்பை அப்படியே வைத்திருக்கும். ஐஆப்ஷன்ஸ் ஸ்னாப்ஷாட் சர்வருக்கு வரும் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒருமுறை கணக்கிட்டு, அந்த ரிக்வெஸ்ட் முடியும்வரை மாற்றாது. ஐஆப்ஷன்ஸ் மானிட்டர் நடப்பு மதிப்பைத் தரும், மாறினால் தகவலும் தரும். மூன்று ஆயுளுக்கு மூன்று இன்டர்ஃபேஸ்.

எங்கள் ஐந்து செட்டிங்கையும் நான் பிரிப்பது இப்படி: எழுத்தளவுக்கும் பேக்கப் டைமருக்கும் லிஸனர், ரவுண்ட் ஆஃபுக்கும் பில் மொழிக்கும் பில் பிறக்கும்போது ஸ்னாப்ஷாட், ரோல் அகலத்தை அச்சடிக்கும்போது படிப்பது. ஒரு செட்டிங்கை எங்கே போடுவது என்று சந்தேகம் வந்தால் ஸ்னாப்ஷாட்டில் போடுவேன். அதில் தவறினால் மாற்றம் கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். லிஸனரில் தவறினால் மெமரி போகும். குளோபலைக் கேட்பதில் தவறினால் பணக்கணக்கு போகும்.

ஏற்கெனவே சிங்கிள்டன் நிறைந்த நிரல் கையில் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம். பில் கிளாஸிலிருந்து தொடங்குங்கள். அதை உருவாக்கும் இடத்தில் சிங்கிள்டனை ஒருமுறை படித்து, ஸ்னாப்ஷாட் செய்து, கன்ஸ்ட்ரக்டரில் கொடுங்கள். பில்லுக்குள் சிங்கிள்டனைத் தொடும் வரிகளை நீக்குங்கள். அதற்கு முன் ஒரு டெஸ்ட்: வரிவரியான முறையில் பில்லைத் திற, 33.40ம் 47.40ம் போடு, ஹோல்ட் செய், செட்டிங்கை மாற்று, 19.40ம் 52.40ம் போடு, 151 வர வேண்டும். இப்போது 152 என்று தோற்கும். ஸ்னாப்ஷாட் வந்ததும் ஜெயிக்கும். அடுத்து லிஸனர்களுக்கு: ஸ்டாக் ஜன்னலை நூறு முறை திறந்து மூடும் ஒரு டெஸ்ட் எழுதி, பதிவாகியிருக்கும் லிஸனர்களின் எண்ணிக்கை தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள்.